வலையமைப்பு பிந்தி வரும்போது கணிப்பொறியின் கடிகாரம்

இரயில் நிலையங்களில் தந்திக் கருவி ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், நாள்தோறும் குறித்ததொரு வேளையில் தந்தி வழியே நேரக் குறிப்பு வந்து சேரும். நிலைய அதிகாரி அதனைக் கேட்டுத் தம் சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்த்து வைப்பார். புயலினால் கம்பி அறுந்த நாளில் குறிப்பு வாராது. அதற்காக அவர் கடிகாரத்தை நிறுத்திவிடுவதில்லை. முதல் நாள் சரிபார்த்த கடிகாரத்தைக் கொண்டே வேலையை நடத்துவார். ஆயினும், அன்று தாம் எழுதும் நேரம் சரிபார்க்கப்படாத நேரம் என்பதை அவர் அறிவார். கம்பி சீரானதும் முதற்காரியமாக நேரத்தைக் கேட்டறிவார்.

இந்நாளில் மழை, காற்று, வெப்பநிலை, ஆற்றின் நீர்மட்டம் ஆகியவற்றை அளந்து பதியும் பணியைக் கள நிலையங்களில் சிறு கணிப்பொறிகள் செய்து வருகின்றன. அவை வலையமைப்பின் வழியே நேரத்தைக் கேட்டுத் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. மின்சாரம் வந்த சில விநாடிகளில் கணிப்பொறி இயங்கத் தொடங்கிவிடும். வலையமைப்போ ஒரு நிமிடமோ, ஒரு மணியோ, சில வேளை ஒரு நாளோ பிந்தி வரும். அந்த இடைவேளையில் கடிகாரம் என்ன காட்டுகிறது, அதனை எவ்வளவு நம்பலாம், பின்னர் எவ்வாறு திருத்தலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொய்யான நேரத்தால் விளையும் கேடு

இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி, ஒரு நாளின் மழையளவு என்பது காலை 8.30 மணியோடு முடிவடையும் 24 மணி நேரத்தில் பெய்த மழையாகும். ஆதலின் கடிகாரம் சில நிமிடங்கள் தவறினாலும், 8.30 மணியை ஒட்டிப் பெய்த மழை ஒரு நாளின் கணக்கிலிருந்து மற்றொரு நாளின் கணக்கிற்கு மாறிவிடும்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. தானே பதிவுசெய்யும் மழைமானி நிலையம் ஒன்றைக் கருதுவோம். ஒரு நாள் பிற்பகல் 1.40 மணிக்குப் புயற்காற்றில் மின்சாரம் நின்றுபோகிறது. 3.10 மணிக்கு மின்சாரம் திரும்புகிறது, கணிப்பொறி விழித்தெழுகிறது, மழையோ கொட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசிக் கோபுரம் 4.40 மணி வரை உயிர் பெறவில்லை. கணிப்பொறி தான் கடைசியாகச் சேமித்து வைத்த 1.40 மணியிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுகிறது. உண்மையில் 3.30 மணிக்குப் பெய்த மழை, பதிவேட்டில் 2.00 மணிக்குப் பெய்ததாக ஏறுகிறது. அந்த 2.00 மணிக்கோ கருவியே இயங்கவில்லை!

ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்ததற்கும் கீழ்ப்பகுதியில் நீர்மட்டம் உயர்ந்ததற்கும் இடைப்பட்ட காலத்தைக் கொண்டே வெள்ளம் எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்று கணிக்கின்றனர். அக்காலம் ஒன்றரை மணி தவறினால் கணிப்பும் தவறும். மின்சாரமும் வலையமைப்பும் பெரும்பாலும் எப்போது தவறுகின்றன? பெருமழையின்போதுதான். எந்த வேளையின் பதிவு மிகமிக வேண்டப்படுகிறதோ, அந்த வேளையிலேயே நேரம் பொய்க்கிறது. பதிவேட்டில் வெற்றிடம் இருந்தால் அதனை எவரும் கண்டுகொள்வர். தவறான நேரமோ சரியான நேரத்தைப் போன்றே தோற்றமளிக்கும். அதனை ஐயுறுவார் இல்லை.

கணிப்பொறியில் உள்ள இரு கடிகாரங்கள்

பொதுவாகக் கணிப்பொறியில் இரு கடிகாரங்கள் உள. ஒன்று, இயந்திரம் ஓடும்போது மட்டுமே ஓடுவது. இதனை ஓட்டக் கடிகாரம் எனலாம். மற்றொன்று, நாணய வடிவிலான சிறு மின்கலத்தின் துணையால் இயந்திரம் நின்ற பின்னும் ஓடுவது. இது மின்கலக் கடிகாரம். இயந்திரம் தொடங்கும்போது ஓட்டக் கடிகாரம் மின்கலக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் நேரத்தை அமைத்துக்கொள்ளும்.

மின்கலக் கடிகாரத்தின் உயிர்நிலை, விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். இவ்வெண் 2-ஐ 15 முறை பெருக்கக் கிடைப்பது. ஆதலின் அதிர்வுகளை மீண்டும் மீண்டும் பாதியாக்கிச் சரியாக ஒரு விநாடியைப் பெறுவது எளிது. ஆயினும் படிகம் முற்றிலும் பிழையற்றதன்று. பத்து இலட்சத்தில் 20 பங்கு என்பது சாதாரணப் படிகத்தில் எதிர்பார்க்கக்கூடிய பிழை. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி, மாதத்திற்கு 50 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இத்தகைய படிகங்கள் 25 பாகை செல்சியஸ் அளவில் செவ்வனே ஓடும்படி அமைக்கப்படுகின்றன. வெப்பம் அதனினும் ஏறினாலும் குறைந்தாலும் அவை மெதுவாக ஓடும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியினுள் 45 பாகை நிலவினால், அக்காரணம் ஒன்றினாலேயே நாளொன்றுக்கு 1 விநாடிக்கு மேல் பிந்தும்.

சில கணிப்பொறிகளில் மின்கலக் கடிகாரமே இல்லை. பள்ளிகளிலும் கள நிலையங்களிலும் பெரிதும் பயன்படும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி 2012-இல் வெளிவந்தது. விலையைக் குறைக்கும் பொருட்டு அதன் முதல் நான்கு தலைமுறைகளின் வழக்கமான பலகைகளில் மின்கலக் கடிகாரம் வைக்கப்படவில்லை. ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு. மின்கலத்தை நாம் தனியே வாங்கி இணைக்க வேண்டும்.

மின்கலக் கடிகாரம் இல்லாமலும், சேமித்த நேரம் இல்லாமலும் ஒரு கணிப்பொறி தொடங்கினால் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 என்னும் நாளைக் காட்டும். லினக்ஸ் முதலிய இயக்க முறைகள் அந்நாளின் கிரீன்விச் நள்ளிரவிலிருந்தே விநாடிகளை எண்ணுகின்றன. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தினும் 5½ மணி முந்தியது. ஆதலின் நம் நாட்டுப் பதிவேடுகளில் 1970 ஜனவரி 1 காலை 5.30 மணி என்றோ அதனை ஒட்டியோ ஒரு பதிவு காணப்படின், அக்கருவி நேரமறியாது விழித்தது என்று உணர்ந்துகொள்ளலாம்.

நேரம் கேட்டறியப்படும் முறை

இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. அங்குள்ள அணுக் கடிகாரங்களின் நேரம், சர்வர் என்று வழங்கப்படும் கணிப்பொறிகளின் வாயிலாகக் கேட்போருக்கு அளிக்கப்படுகிறது. அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் தம் கணிப்பொறிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையத்தின் சர்வர்களோடோ, இவ்வாய்வுக்கூடத்தின் சர்வர்களோடோ, இவற்றை அடியொற்றிய பிற சர்வர்களோடோ பொருத்தி வைக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது.

நேரத்தைக் கேட்கவும் சொல்லவும் உதவும் முறை என்.டி.பி. எனப்படும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மில்ஸ் வகுத்த இம்முறையின் முதல் விவரக் குறிப்பு 1985-இல் வெளியாயிற்று. நேரம் கேட்டு அனுப்பும் செய்தியும் அதற்கான விடையும் வழியில் சிறிது காலம் எடுத்துக்கொள்கின்றன அல்லவா? அக்காலத்தைக் கழிக்காவிடில் நேரம் தவறும். இதனை நான்கு நேரங்களைக் குறித்துத் தீர்க்கின்றனர்.

நம் கடிகாரம் 10 மணி 0 நிமிடம் 0.000 விநாடி காட்டும்போது கேள்வி புறப்படுகிறது. சர்வரின் கடிகாரப்படி அது 10 மணி 1 நிமிடம் 40.040 விநாடிக்குச் சென்று சேர்கிறது. சர்வர் 40.050 விநாடியில் விடையை அனுப்புகிறது. விடை நம்மிடம் வரும்போது நம் கடிகாரம் 10 மணி 0 நிமிடம் 0.090 விநாடி காட்டுகிறது. போகும்போது காணும் வேறுபாடு 100.040 விநாடி, வரும்போது காணும் வேறுபாடு 99.960 விநாடி. இவற்றின் சராசரி 100 விநாடி. அதாவது, நம் கடிகாரம் சரியாக 100 விநாடி பிந்தியிருக்கிறது. போகவும் வரவும் ஆகும் காலம் சமம் என்னும் கொள்கையின்மேல் இக்கணக்கு நிற்கிறது. அவை சமமாக இல்லாவிடினும் பிழை, வழியில் கழிந்த மொத்தக் காலத்தின் பாதியை மீறாது. இங்கு அது 0.080 விநாடியின் பாதி, அதாவது 0.040 விநாடி.

இணைப்பு பிந்துவதால் நேரும் தவறுகள்

இத்துணை நுட்பமான முறையும், கேட்கும் வேளையில் இணைப்பு இல்லாவிடில் பயன்படாது. தவறு பெரும்பாலும் மூன்று வகையில் நேர்கிறது.

முதலாவது, ஒரே முறை கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுதல். கணிப்பொறி தொடங்கும்போது ஒரு முறை மட்டும் நேரம் கேட்கும்படி சில இடங்களில் அமைத்துவிடுகின்றனர். அப்போது இணைப்பு இல்லாவிடில் கேள்வி வீணாகிறது. பின்னர் இணைப்பு வந்தாலும் கேட்பார் இல்லை.

இரண்டாவது, சர்வரின் முகவரி தெரியாமை. சர்வரைப் பெயரால் குறிக்கிறோம். அப்பெயருக்குரிய எண் முகவரியை வலையமைப்பைக் கேட்டே அறிய வேண்டும். இணைப்பு இல்லாதபோது பெயர் அறியப்படாமற் போகிறது. சில நிரல்கள் அதனைத் தவறான பெயர் என்று கொண்டு கைவிட்டுவிடுகின்றன.

மூன்றாவது, பிழை பெரிதாயிருத்தல். என்.டி.பி. முறையின் பழைய நிரல், 1,000 விநாடிக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் கண்டால் எங்கோ பெருந்தவறு நேர்ந்திருக்கிறது என்று கருதித் தன் இயக்கத்தையே நிறுத்திக்கொள்ளும். தொடக்கத்தில் ஒரு முறை இத்தடையை நீக்கும்படி நாம் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே திருத்தம் செய்யும். மேலே கூறிய மழைமானியின் வேறுபாடு 5,400 விநாடி என்பதை நினைவிற்கொள்க.

இவற்றோடு ஒரு சிக்கலும் சேர்வதுண்டு. பாதுகாப்பான இணைப்புகளுக்குச் சான்றிதழ் வேண்டும்; அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 1970 என்று நம்பும் கணிப்பொறி எந்தச் சான்றிதழையும் ஏற்காது; அதன் கணக்கில் அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. ஆதலின் இணைப்பு வந்த பின்னும், நேரம் திருந்தும் வரையில் அளவுகள் தலைமை அலுவலகத்திற்குச் சென்று சேரா.

குதித்தலும் நகர்தலும்

தவறிய கடிகாரத்தைத் திருத்த இரு வழிகள் உள. முள்ளை ஒரே முறையில் சரியான இடத்தில் கொண்டுவைப்பது ஒன்று; இது குதித்தல். கடிகாரத்தைச் சிறிது விரைவாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு, நாளடைவில் சரியான நேரத்தோடு சேரவிடுவது மற்றொன்று, இது நகர்தல். பின்னோக்கிக் குதித்தால் ஒரே நேரத்தைத் தாங்கிய இரு பதிவுகள் உண்டாகும். முன்னோக்கிக் குதித்தால் இடையில் காலம் காணாமற் போகும். நகர்தலில் இக்குறைகள் இல்லை. ஆனால் அது மெதுவானது. பழைய நிரல் பத்து இலட்சத்தில் 500 பங்கு வேகத்திலேயே நகர்த்தும். 1 விநாடியைத் திருத்த 2,000 விநாடி, அதாவது 33 நிமிடத்திற்கு மேல் வேண்டும். 1 மணி நேரப் பிழையைத் திருத்த 83 நாட்கள் ஆகும்! இக்காலத்தில் லினக்ஸ் கணிப்பொறிகளில் வழங்கும் குரோனி என்னும் நிரல் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம்வரை நகர்த்த வல்லது. அதற்கும் 1 மணி நேரப் பிழைக்கு 12 மணி நேரம் ஆகும்.

ஆதலின் நெறி இதுவே: தொடக்கத்தில் பிழை பெரிதாயின் குதிக்கலாம், நேரம் ஒரு முறை சரியான பின் நகர்தலே தகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தொடக்க நேரம் உண்மைக்கு அருகில் இருக்கச் செய்தல் வேண்டும். மின்கலக் கடிகாரம் இல்லாத கருவிக்கு டி.எஸ். 3231 போன்ற கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தலாம். வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இச்சில்லின் பிழை 0 முதல் 40 பாகை வரையில் பத்து இலட்சத்தில் 2 பங்குதான். ஆண்டிற்கு ஏறத்தாழ 1 நிமிடம். சில்லு இல்லாவிடில், கடைசியாக அறிந்த நேரத்தை அவ்வப்போது கோப்பில் சேமித்து, தொடங்கும்போது அதனினும் முந்தைய நேரத்தை ஏற்காதபடி அமைக்க வேண்டும். அந்நேரம் உண்மை நேரமன்று. ஆயினும் காலம் பின்னோக்கிச் செல்லாமல் அது காக்கும். சான்றிதழ்கள் பல வாரங்களோ மாதங்களோ செல்லுபடியாவன ஆகையால், சில மணி நேரப் பிழை அவற்றைப் பெரும்பாலும் பாதிக்காது.

இரண்டாவதாக, நேரம் கேட்கும் நிரல் தொடர்ந்து இயங்குவதாக இருத்தல் வேண்டும். குரோனி, விடை கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் கேட்கும். பெயருக்குரிய முகவரியையும் மீண்டும் தேடும். ஐபர்ஸ்ட் என்னும் குறிப்பைச் சேர்த்தால் முதற்கேள்விகளை 2 விநாடி இடைவெளியில் விரைந்து அனுப்பும். இணைப்பு வந்துவிட்டது என்பதை வலையமைப்பை ஆளும் நிரல் குரோனிக்கு அறிவிக்கும்படியும் செய்யலாம்.

மூன்றாவதாக, குதித்தலுக்கு எல்லை வகுக்க வேண்டும். மேக்ஸ்டெப் 1.0 3 என்னும் கட்டளை, பிழை 1 விநாடிக்கு மேற்படின் முதல் 3 திருத்தங்களில் மட்டும் குதிக்கலாம் என்று குரோனிக்குச் சொல்கிறது. இங்கு எண்ணப்படுவது திருத்தங்களேயன்றிக் கழிந்த நிமிடங்கள் அல்ல என்பதைக் கவனிக்க. இணைப்பு ஒரு நாள் பிந்தி வந்தாலும் அதன்பின் நிகழ்வதே முதல் திருத்தம். ஆகவே உரிமை கெடாது காத்திருக்கும்.

நான்காவதாக, நேரத்தைச் சார்ந்த நிரல்கள் நேரம் சரியாகும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க இயலாதவை தம் பதிவுகளில் நேரம் சரிபார்க்கப்படவில்லை என்னும் அடையாளத்தை இட வேண்டும். மழையை அளக்கும் நிரல் காத்திருக்க இயலாது. அறிக்கை அனுப்பும் நிரல் காத்திருக்கலாம்.

முன்னெடுத்த பதிவுகளை மீட்டல்

அடையாளமிட்ட பதிவுகளை வீண் என்று தள்ளவேண்டுவதில்லை. கணிப்பொறியினுள் மற்றொரு எண்ணிக்கையும் ஓடுகிறது. அது, இயந்திரம் தொடங்கியதிலிருந்து கழிந்த விநாடிகளின் எண்ணிக்கை. கடிகாரம் குதித்தாலும் இவ்வெண்ணிக்கை குதிப்பதில்லை. ஒவ்வொரு பதிவிலும் நேரத்தோடு இவ்வெண்ணையும் எழுதிவைத்தால் போதும்.

நம் மழைமானிக்கு இணைப்பு வந்து நேரம் சரியானபோது மணி 4.40. அப்போது தொடக்க எண்ணிக்கை 5,400 விநாடி. ஆகவே இயந்திரம் தொடங்கியது 4.40 மணிக்கு 90 நிமிடம் முன்னர், அதாவது 3.10 மணிக்கு. எண்ணிக்கை 1,200 விநாடியாக இருந்தபோது எழுதிய பதிவு, 3.10 மணிக்கு 20 நிமிடம் பின்னர், 3.30 மணிக்கு உரியது. பதிவேட்டில் 2.00 மணி என்றிருந்த பொய் இவ்வாறு நீங்குகிறது. மின்சாரம் பலமுறை நின்று வருமாயின், எத்தனையாவது தொடக்கம் என்னும் எண்ணையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். நேரம் சரியாகுமுன்னரே மீண்டும் நின்றுபோன தொடக்கத்தின் பதிவுகளுக்கு இக்கணக்கு உதவாது. அவற்றை ஐயத்திற்குரியனவாகவே விட்டுவைத்தல் நேர்மை.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

நான்கு நேரக் கணக்கை மாணவர்க்குக் கணிப்பொறி இல்லாமலே காட்டலாம். இரு கைக்கடிகாரங்களுள் ஒன்றை 7 நிமிடம் பிந்த வைத்து, இரு மாணவர்களை இரு அறைகளில் அமர்த்துக. முதல்வன் தன் கடிகார நேரத்தை ஒரு சீட்டில் எழுதி மூன்றாம் மாணவன் கையில் அனுப்புவான். இரண்டாமவன் சீட்டு வந்த நேரத்தையும் திருப்பியனுப்பும் நேரத்தையும் எழுதுவான். சீட்டு திரும்பிய நேரத்தை முதல்வன் குறித்துக்கொள்வான். சராசரி கண்டால் 7 நிமிடம் வெளிப்படும். பின்னர், சீட்டைக் கொண்டுசெல்பவனைப் போகும்போது ஓடியும் வரும்போது மெல்ல நடந்தும் செல்லச் சொன்னால், கணக்கு எவ்வாறு பிழைபடுகிறது என்பதையும் மாணவர் தாமே காண்பர்.

களப் பணியாளர் செய்யத்தக்க சோதனையும் எளியதே. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள், கருவியின் வலையமைப்பு இணைப்பைக் கழற்றிவிட்டு மின்சாரத்தையும் கால்மணி நேரம் நிறுத்துக. பின்னர் மின்சாரத்தை மட்டும் கொடுத்து அரைமணி நேரம் ஓடவிடுக. அதன் பின்னரே இணைப்பைக் கொடுக்க. கடிகாரம் கடைசிப் பதிவினும் முந்திய நேரத்தைக் காட்டிற்றா? அரைமணி நேரப் பதிவுகளில் அடையாளம் இடப்பட்டதா? இணைப்பு வந்த சில நிமிடங்களில் நேரம் தானாகவே திருந்திற்றா? முதல் வினாவிற்கு இல்லை என்றும், மற்ற இரண்டிற்கும் ஆம் என்றும் விடை கிடைப்பின், அந்நிலையத்தின் பதிவேட்டைப் புயல் நாளிலும் நம்பலாம். வேறு விடை கிடைப்பின், குறையைக் களைவதற்கு ஏற்ற காலமும் அதுவே.